கோபுரத்தோடு ஒரு வீடு: மயோர்க்காவில் பழைய வீடு வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஸ்பெயினின் மயோர்க்கா தீவின் உட்பகுதியில் ஒரு பழைய பண்ணை வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். தொழிலுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத தரகர் ஒருவர், வாங்க வந்த தம்பதியிடம் ஒரு தாளை நீட்டி, "பதிவேடு சுத்தம், ஒரு வில்லங்கமும் இல்லை, இந்த வாரமே முன்பணம் கொடுத்துவிடலாம்" என்றார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே தாளை ஏறக்குறைய இதே வார்த்தைகளோடு நீட்டியிருக்கிறேன். அன்றைக்கு நடந்தது இன்னும் உறுத்துகிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தனியாக ஒரு வக்கீல் வையுங்கள், வெளிநாட்டவருக்கான அடையாள எண்ணை முதலிலேயே வாங்குங்கள், வெயில் காலத்தில் மட்டும் வீட்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பதிவேடு சுத்தம் என்றால் வீடும் சுத்தம் என்று நினைப்பது

அந்தத் தாளுக்குப் பெயர் நோட்டா சிம்ப்ளே. சொத்துப் பதிவகத்தில் சில யூரோ கட்டினால் கிடைக்கும். நம் ஊர் வில்லங்கச் சான்று மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்: உரிமையாளர் யார், அடமானம் உண்டா, ஜப்தி உண்டா, பக்கத்து நிலத்துக்காரருக்கு வழி உண்டா என்று சொல்லும். குளியலறையும் பின்கட்டும் அனுமதி வாங்கிக் கட்டியவையா என்று அதிலிருந்து தெரியாது. இந்தத் தீவில் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் இந்தக் கட்டிடம் வெறும் வீடா, இல்லை பாரம்பரியச் சின்னமா? அதற்கும் அந்தத் தாளை நம்ப முடியாது.

அன்றைக்கு வாங்க வந்தவர்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும். வீட்டை ஒட்டி ஒரு சதுரக் கல்கோபுரம் இருந்தது. தரையில் வாசல் கிடையாது; இரண்டு ஆள் உயரத்தில் ஒரு சின்ன வாசல், அதற்கு நேர் மேலே கல்லும் கொதிநீரும் கொட்டுவதற்காகத் துருத்திக்கொண்டிருக்கிற ஒரு மாடம். வட ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கடற்கொள்ளைக்காரர்கள் வந்துகொண்டிருந்த 16-ஆம் நூற்றாண்டில் தீவின் கரையெங்கும் காவல் கோபுரங்கள் எழுந்தன. பகலில் புகை, இரவில் தீ என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சேதி போகும். உள்ளே தள்ளியிருந்த பண்ணைகளும் ஓடி ஒளிய இப்படி ஒரு கோபுரத்தைச் சேர்த்துக் கட்டிக்கொண்டன. அந்த அம்மாவுக்குக் கோபுரத்தின் மேல்தளத்தில் ஒரு படிப்பறை வேண்டும், திரமுந்தானா மலை தெரிகிற மாதிரி பெரிய சன்னல் வைக்க வேண்டும், அடியில் ஒரு நீச்சல்குளம் வேண்டும். நான் தலையாட்டினேன். பதிவேடுதான் சுத்தமாக இருக்கிறதே!

விலை 9 லட்சம் யூரோ. வழக்கப்படி 10 சதவீதம், அதாவது 90,000 யூரோ, அர்ராஸ் என்கிற முன்பண ஒப்பந்தத்தில் போனது. ஸ்பெயின் சிவில் சட்டத்தின் 1454-ஆம் பிரிவுப்படி இந்த ஒப்பந்தம் போட்டால், வாங்குகிறவர் பின்வாங்கினால் முன்பணம் போச்சு. விற்கிறவர் பின்வாங்கினால் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். இரண்டு வாரம் கழித்து, வரைபடம் போடுவதற்காக அவர்களுடைய கட்டிடக்கலைஞர் நகராட்சி அலுவலகம் போனார், கூடவே நானும் போனேன். கவுன்டரில் இருந்த பெண் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து விரித்தார். கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் அதே கோபுரம், வெடிப்பிலிருந்து ஒரு அத்திச் செடி எட்டிப் பார்க்கிறது, அடியில் மூன்று எழுத்து: பி.ஐ.சி. பண்பாட்டு முக்கியத்துவம் உள்ள சொத்து என்று பொருள், பாதுகாப்பில் இதுதான் உச்சபட்சத் தரம்.

இது அந்த ஊர்க்காரர்கள் தனியாக எடுத்த முடிவு இல்லை. ஸ்பெயினில் உள்ள கோட்டைகள் எல்லாம், எவ்வளவு இடிந்து கிடந்தாலும், அரசின் பாதுகாப்பில் வரும் என்று 1949-லேயே ஓர் ஆணை வந்துவிட்டது. 1985-ன் வரலாற்றுப் பாரம்பரியச் சட்டம் அவற்றை மொத்தமாக பி.ஐ.சி. ஆக்கியது. காவல் கோபுரங்களும் இந்தக் கணக்கில்தான் வருகின்றன. இப்படி ஒரே ஆணையில் மொத்தமாகப் பாதுகாக்கப்பட்டதால், ஒவ்வொரு கோபுரத்தின் பதிவேட்டிலும் அது குறிக்கப்பட்டிருக்கும் என்று எதிர்பார்க்கவே கூடாது. நான் எதிர்பார்த்தேன்.

அப்புறம் நடந்தது இது. சன்னல் கிடையாது. குளத்தைத் தள்ளி வேறு இடத்தில் வெட்டலாம், அதுவும் தொல்லியல் ஆய்வாளர் பக்கத்தில் நிற்க வேண்டும். நகராட்சி உரிமம் தருவதற்கு முன்னால் தீவின் நிர்வாக சபையான கொன்செல் தே மயோர்க்காவின் பாரம்பரியப் பிரிவு சம்மதிக்க வேண்டும். 90,000 யூரோவை விட மனமில்லாமல் அவர்கள் வாங்கினார்கள். முதல் கல்லில் கை வைக்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை, "இது உங்களுக்குத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டார்.

வேறு சில விஷயங்களும் இதோடு வரும். பி.ஐ.சி. சொத்தை விற்கப் போகிறவர் முன்கூட்டியே நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அதே விலைக்கு வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை நிர்வாகத்துக்கு உண்டு. 1985 சட்டப்படி, விலக்கு வாங்காத உரிமையாளர் மாதத்துக்கு நான்கு நாள் பொதுமக்களைப் பார்க்க விட வேண்டும். இன்னொரு பக்கம், தனியாக அறிவிக்கப்பட்ட சின்னத்துக்கு வருடாந்தரச் சொத்து வரியில் விலக்குக் கேட்கலாம், அதை நிறையப் பேர் கேட்பதே இல்லை.

உங்கள் வீடு பி.ஐ.சி. இல்லாவிட்டாலும் கதை முடிவதில்லை. மயோர்க்கா அடங்கிய பலேயாரிக் தீவுகளின் 1998-ஆம் வருஷப் பாரம்பரியச் சட்டம் அதற்கு அடுத்த தரமாகப் பட்டியலில் சேர்த்த சொத்து என்று ஒன்றை வைத்திருக்கிறது. ஊருக்கு ஊர் நகராட்சியின் பாரம்பரியப் பட்டியலும் தனியாக உண்டு, அதில் முகப்பு மட்டும், படிக்கட்டு மட்டும், முழு வீடும் என்று பாதுகாப்பு மாறும். பக்கத்தில் ஒரு பழைய தேவாலயம் இருந்தால் அதன் சுற்றுப் பாதுகாப்பு எல்லைக்குள் உங்கள் சாதாரண வீடும் மாட்டலாம், அப்போது சன்னல் கதவின் நிறத்துக்குக்கூட அனுமதி வேண்டியிருக்கும்.

செய்ய வேண்டியது அரை நாள் வேலை. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் நகராட்சியின் கட்டிடப் பிரிவுக்குப் போய் அந்த வீட்டின் பட்டியல் தாளைக் கேளுங்கள், நில வகையைச் சொல்லும் சான்றையும் கேளுங்கள், கொன்செலிலும் ஒரு தடவை விசாரியுங்கள். அவசரப்படுத்துகிறார்கள் என்றால், "பாதுகாப்புத் தரம் தெரிய வந்து திட்டம் நடக்காது என்றால் முன்பணம் முழுதும் திரும்பும்" என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். சம்மதிக்காத ஆளிடம் வாங்க வேண்டாம்.

மரெஸ் கல்லின் மேல் சிமெண்ட் பூசுவது

தீவின் தலைநகர் பால்மாவின் கதீட்ரலும் மரெஸ் என்கிற மணற்கல்லால் கட்டியதுதான், கிராமத்து வீடும் அதே கல்தான். வெட்டுவதற்கு மெதுவான கல், தேன் நிறம், நிறையத் துளை. தரையிலிருந்து ஈரத்தை இழுத்துச் சுவர் வழியே வெளியே விடும். சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்தைப் போக விடும், சிமெண்ட் விடாது. ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, கல்லையே உள்ளிருந்து தின்னும். ஒரு வீட்டில் தட்டிப் பார்த்தபோது சிமெண்ட் ஒரு பாளமாகக் கழன்று வந்தது, பின்னால் இருந்த கல்லில் விரல் வைத்தால் ஈரச் சர்க்கரை மாதிரி உதிர்ந்தது. புதிதாகப் பளிச்சென்று பூசிய கீழ்ச்சுவரைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

தோட்டச் சுவரைத் தள்ளிவிட்டு கார் நிறுத்துவது

சாந்து இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிய அந்தச் சுவர்களும் மலைச்சரிவின் படிவயல்களும் சேர்ந்துதான் திரமுந்தானா மலைத்தொடரை 2011-ல் யுனெஸ்கோ பட்டியலுக்குக் கொண்டுபோயின. சுவர் கட்டும் கலையும் 2018-ல் தனியாகப் பட்டியலில் ஏறியது. அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். 1872-ல் இந்த மலையில் மிராமார் என்ற பண்ணையை வாங்கிய ஆஸ்திரிய இளவரசர் லுட்விக் சால்வதோர், 1276-ல் மயோர்க்காவின் தத்துவஞானி ரமோன் லுல் கீழைமொழிகள் கற்பிக்கப் பள்ளி வைத்த இடம் என்பதை மதித்துத்தான் வாங்கினார். வெளிநாட்டுக்காரர் வந்து வாங்கினால் இடம் கெட்டுத்தான் போகும் என்று சொல்கிறவர்களிடம் நான் அவரைத்தான் காட்டுவேன்.

ராணுவ அனுமதியை மறப்பது

உங்களிடம் இருப்பது இந்திய, இலங்கை அல்லது பிரிட்டன் கடவுச்சீட்டு என்றால் இதைக் கட்டாயம் படியுங்கள். 1975-ன் சட்டமும் 1978-ன் விதிகளும் பலேயாரிக் தீவுகளை, வெளிநாட்டவர் சொத்து வாங்கக் கட்டுப்பாடு உள்ள பகுதியாக வைத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தினருக்கு இது கிடையாது. மற்றவர்கள் ஊருக்கு வெளியே கிராமப்புற நிலம் வாங்கினால் ராணுவத்தின் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் பத்திரம் பதிவாகாது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டுப் போன பிறகு இதில் மாட்டியவர்கள் நிறைய. மாதக்கணக்கில் ஆகும் என்பதால் முன்பண ஒப்பந்தத்தின் கெடுவை அதற்கேற்ப நீட்டி எழுதுங்கள்.

கடல் வாசலிலேயே இருக்கிறது என்று மயங்குவது

1988-ன் கடற்கரைச் சட்டத்தைப் படித்துவிட்டுப் போங்கள். கரையோரப் பொதுநிலத்திலிருந்து 100 மீட்டர், ஏற்கெனவே நகரமாக இருந்த இடங்களில் 20 மீட்டர், பாதுகாப்பு வலயம். அதற்குள் இருக்கிற வீட்டைப் பெரிதாக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

வாடகைக்கு விட்டுக் கடனை அடைப்பது

உல்லாசப் பயணிகளுக்கு விட உரிமம் வேண்டும். பால்மா நகரம் 2018-ல் அடுக்குமாடி வீடுகளை இப்படி விடுவதைத் தடை செய்தது, 2023-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. "உரிமம் பிறகு வாங்கிக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

தங்க விசா

சொத்து வாங்கினால் ஸ்பெயினில் வசிக்க அனுமதி தந்த திட்டம் இது, 2025 ஏப்ரல் 3-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

3 சதவீதம்

விற்பவர் ஸ்பெயினில் வசிக்காதவர் என்றால், விலையில் 3 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதத்துக்குள் வரித்துறைக்குக் கட்ட வேண்டியது வாங்குகிறவர் பொறுப்பு. கட்டாமல் விட்டால் வரித்துறையினர் விற்றுவிட்டுப் போனவரைத் தேடி அலைய மாட்டார்கள், வீட்டைக் கையில் வைத்திருக்கிற உங்களிடம்தான் வருவார்கள்.