காற்புள்ளி வரை படிக்க வைத்தது எப்படி

உறுப்பினர் விவரம் பதியும் சி மொழியில் எழுதிய ஒரு நிரலைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. "செல்வி முருகன், கும்பகோணம், 34" என்று உள்ளிட்டால் பெயர் இடத்தில் "செல்வி" மட்டும், ஊர் இடத்தில் "முருகன்,". வயதுக்கு எண் கிடைக்காமல் அங்கேயே நின்றுவிடும். மிச்சம் உள்ளீட்டிலேயே கிடப்பதால் அடுத்த ஆளின் பெயர் "கும்பகோணம்," ஆகிவிடும்.

காரணம், உள்ளீட்டைப் படிக்க அந்த நிரல் பயன்படுத்திய ஸ்கேன்எஃப் (scanf) கட்டளை. அதில் சதவீதக் குறியோடு வரும் எஸ் (%s), இடைவெளியைக் கண்டதும் நின்றுவிடும். நீள வரம்பும் தராவிட்டால் அணியை, அதாவது படித்ததை வைக்க ஒதுக்கிய நினைவக இடத்தை, தாண்டி எழுதும். இதுதான் உண்மையான ஆபத்து.

முதலில் எஃப்கெட்ஸ் (fgets) வைத்து முழு வரியையும் வாங்கினேன். அப்புறம் அந்த வரியை, ஏற்கெனவே வாங்கிய உரையிலிருந்து படிக்கும் எஸ்ஸ்கேன்எஃப்பிடம் (sscanf) கொடுத்து, பெயருக்கும் ஊருக்கும் "%99[^,]" என்று எழுதினேன். காற்புள்ளி வரும்வரை எதையும் எடு, 99 பைட்டுக்கு மேல் வேண்டாம் என்று பொருள். அணியின் அளவு 100. கடைசி பைட், சரத்தை (எழுத்துத் தொடரை) முடிக்கும் சுழியத்துக்கு. இந்த வடிவம் முன்னால் உள்ள இடைவெளியைத் தானாகத் தாண்டாது. அதனால் சதவீதக் குறிக்கு முன் ஓர் இடைவெளி விட வேண்டும்.

வரம்பு எண்ணுவது பைட்டை, எழுத்தை அல்ல. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் "செல்வி" மட்டுமே 18 பைட். ஆங்கிலப் பெயரை மனதில் வைத்து 20 என்று அறிவித்தால் தமிழ்ப் பெயர் பாதியில் அறுபடும்.

எத்தனை விவரங்களை நிரப்பியது என்று எஸ்ஸ்கேன்எஃப் திருப்பித் தரும் எண்ணைக் கட்டாயம் பாருங்கள். 3 வராவிட்டால் அந்த வரியை ஏற்காமல் மறுபடி கேட்கிறேன். ஊரைக் காலியாக விட்டால் 1தான் வரும். பெயர் வரம்பை மீறினாலும் அதேதான்.