இடுப்பில் துப்பாக்கியோடு அமெரிக்கக் கடைகளுக்குள் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

டெக்சஸ் மாநிலத்தில் பல கடைகளின் கண்ணாடிக் கதவில் பெரிய எழுத்துப் பலகை ஒன்று ஒட்டியிருக்கும். ஆங்கிலத்தில் ஒரு பத்தி, ஸ்பானிஷில் அதே பத்தி, இடையில் 30.07 என்று ஓர் எண். ஊருக்குப் புதியவர்கள் ஏதோ தீயணைப்புத் துறை அறிவிப்பு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு இந்த வாசலுக்குள் வரக்கூடாது என்று குற்றவியல் சட்டத்தின் பிரிவு எண்ணைச் சொல்லியே எச்சரிக்கும் பலகை அது. துப்பாக்கி வைத்திருப்பவர்களிலும் பலருக்கு அந்த எண் என்ன சொல்கிறது என்று தெரியாது என்பதுதான் வேடிக்கை.

துப்பாக்கியை மறைக்காமல் எடுத்துச் செல்வதை அங்கே ‘ஓப்பன் கேரி’ என்பார்கள். டெக்சஸில் லைசென்ஸ் உள்ளவர்கள் கைத்துப்பாக்கியை இப்படி எடுத்துச் செல்ல 2016 ஜனவரி 1 முதல் அனுமதி வந்தது. 2021 செப்டம்பர் 1 முதல், சட்டத் தடை எதுவும் இல்லாத பெரியவர்களுக்கு லைசென்ஸே வேண்டாம் என்றாகிவிட்டது. உறைக்குள் இருந்தால் போதும். தெருவில் நடக்க அனுமதி இருக்கிறதே, கடைக்குள் மட்டும் ஏன் கூடாது என்று பலர் கேட்பது இங்கிருந்துதான் தொடங்குகிறது.

“இது என் உரிமை” என்று கல்லாவில் வாதாடுவது

துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் கட்டிப்போடுவது அரசாங்கத்தை. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த புகழ்பெற்ற ‘புரூவன்’ வழக்கு நியூயார்க் மாநிலத்தின் லைசென்ஸ் விதியை எதிர்த்துப் போடப்பட்டது; எந்த பீட்சா கடை முதலாளியையும் எதிர்த்து அல்ல. கடை தனியார் சொத்து. செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்லும் வீட்டில், செருப்புப் போட எனக்கு உரிமை உண்டு என்று நடையில் நின்று சண்டை போட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும். தெருவில் உங்களைக் காப்பாற்றிய ஆயுதச் சட்டம் கடை வாசலோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் நடப்பது அத்துமீறி நுழைதல் பற்றிய சட்டம்.

பலகையை அரைகுறையாகப் படிப்பது

டெக்சஸ் கதவுகளில் மூன்று எண்கள் தென்படலாம். 30.05 லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு. 30.06 லைசென்ஸோடு மறைத்து வைத்திருப்பவருக்கு. 30.07 லைசென்ஸோடு வெளியே தெரியும்படி வைத்திருப்பவருக்கு. 30.07 மட்டும் ஒட்டிய கடையில், லைசென்ஸ் உள்ளவர் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போனால் அந்தப் பலகை அவரைத் தடுப்பதில்லை. பல நிறுவனங்கள் வேண்டுமென்றே இந்த ஒன்றை மட்டும் ஒட்டுகின்றன: மற்ற வாடிக்கையாளர் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. டெக்சஸிலேயே பிறந்த வாட்டாபர்கர் உணவகம் 2015லேயே, புதிய சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, ஓப்பன் கேரி வேண்டாம், லைசென்ஸோடு மறைத்து வைத்திருப்பதில் ஆட்சேபம் இல்லை என்று அறிவித்தது. ஆனால் லைசென்ஸ் இல்லாத ஒருவர் அதையே செய்யப்போய் 30.05இல் மாட்டிக்கொள்ளலாம். 2021க்குப் பிறகு “லைசென்ஸ் எதற்கு, வீண் செலவு” என்று இருப்பவர்கள் இந்த நுணுக்கத்தைத்தான் கவனிப்பதில்லை.

பலகை சரியான வடிவத்தில் இல்லையே என்று அளந்து பார்க்கிற கூட்டமும் உண்டு. 30.07 பலகையின் எழுத்து குறைந்தது ஓர் அங்குல உயரம் இருக்க வேண்டும், இரண்டு மொழியிலும் இருக்க வேண்டும், பின்னணியிலிருந்து பளிச்சென்று தெரியும் நிறத்தில் இருக்க வேண்டும், ஒவ்வொரு நுழைவாயிலிலும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது உண்மைதான். துப்பாக்கி மேல் சிவப்புக் கோடு போட்ட படம் மட்டும் இருந்தால், லைசென்ஸ் உள்ளவருக்கு அது சட்டப்படியான 30.07 அறிவிப்பு ஆகாது. சரி, அந்த வாதத்தில் நீங்கள் ஜெயித்தே விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேனேஜர் வந்து “வெளியே போங்கள்” என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் அந்த வெற்றி அங்கேயே முடிந்துவிடும்.

வாயால் சொன்னதைப் பொருட்படுத்தாமல் நிற்பது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். டெக்சஸில் 30.07 பலகையைத் தாண்டி உள்ளே போனதற்கு அதிகபட்சம் 200 டாலர் அபராதம். கிட்டத்தட்ட டிராஃபிக் டிக்கெட் மாதிரி. ஆனால் உள்ளே வந்தவரிடம் நேரடியாக வாயால் சொல்லிய பிறகும் அவர் போகவில்லை என்றால் அதே குற்றம் ‘கிளாஸ் ஏ’ ஆகிவிடும்: ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். அப்படித் தண்டனை பெற்றால் ஐந்து ஆண்டுகளுக்குக் கைத்துப்பாக்கி லைசென்ஸும் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது சில நிமிடப் பிடிவாதம் மட்டுமே.

“நீ வெறும் கேஷியர், முதலாளியைக் கூப்பிடு” என்பது இந்தப் பிடிவாதத்தின் வழக்கமான வசனம். டெக்சஸின் அத்துமீறல் சட்டம் உரிமையாளரே வந்து சொல்ல வேண்டும் என்று கேட்பதில்லை. அவர் சார்பில் பேசும் அதிகாரம் உள்ளவராகத் தோன்றுகிறவர் சொன்னாலே போதும். சீருடை போட்டுக் கல்லாவில் நிற்கிறவர் அப்படித் தோன்றமாட்டாரா என்ன? வாங்கிய பொருளை வைத்துவிட்டு, “சரிங்க” என்று சொல்லிவிட்டு நடப்பதுதான் புத்திசாலித்தனம். தவறு கடைக்காரர் பக்கம் என்று தோன்றினால் பிறகு தலைமை அலுவலகத்துக்கு எழுதலாம், அடுத்த கடைக்குப் போகலாம். செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டே வாதாடினால், அந்தப் படமே ‘சொன்ன பிறகும் நின்றார்’ என்பதற்குச் சாட்சியாகும்.

ஒரு மாநிலத்துக் கணக்கை அடுத்த மாநிலத்தில் போடுவது

மாநில எல்லையைத் தாண்டும்போது இந்தப் பிடிவாதத்தின் விலை தலைகீழாக மாறும். மின்னசோட்டாவில் கடைக்காரர் வைக்கும் பலகைக்கு எழுத்துரு முதற்கொண்டு சட்டத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள்: ஏரியல் எழுத்து, ஒன்றரை அங்குல உயரம், 187 சதுர அங்குலப் பளிச்சென்ற பின்னணி. துப்பாக்கிப் பெர்மிட் உள்ளவர் அதைப் பார்த்தும் வந்து, போகச் சொல்லியும் போகவில்லை என்றால், முதல் முறைக்கு அபராதம் 25 டாலருக்கு மேல் போகக்கூடாது. எழுத்துருவுக்கு எடுத்துக்கொண்ட சிரத்தை அபராதத்தில் இல்லை.

புளோரிடாவைப் பாருங்கள். அங்கே பல பத்தாண்டுகளாக ஓப்பன் கேரியே தடை. 2025 செப்டம்பரில் அந்த மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அந்தத் தடை செல்லாது என்றது. கேள்விப்பட்டதும் இடுப்பில் மாட்டிக்கொண்டு கிளம்பியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு பழைய சட்டம் அப்படியே இருக்கிறது: அனுமதி இல்லாமல், அல்லது போகச் சொல்லியும் போகாமல், கட்டடத்துக்குள் துப்பாக்கியோடு இருந்தால் அது ‘ஃபெலனி’ எனப்படும் கடுங்குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை. ஃபெலனித் தண்டனை பெற்றவர் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையையே இழந்துவிடுவார். மின்னசோட்டாவில் 25 டாலரோடு போகும் முரண்டு இங்கே வாழ்க்கையைப் புரட்டிப் போட்டுவிடும்.

இல்லினாயில் பொது இடத்தில் ஓப்பன் கேரி என்ற பேச்சுக்கே இடமில்லை. காரில் நீண்ட பயணம் போகிறவர்கள் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

வேண்டுகோளையும் தடையையும் குழப்பிக்கொள்வது

2013 செப்டம்பரில் ஸ்டார்பக்ஸ் தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ், கடைகளுக்குத் துப்பாக்கி கொண்டுவர வேண்டாம் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். அது தடை அல்ல, வேண்டுகோள் என்று அவரே விளக்கினார். 2014இல் சிப்போட்லே உணவகமும் டார்கெட் பல்பொருள் கடையும் அதே வழியில் வந்தன. 2019 ஆகஸ்ட் 3 அன்று எல் பாசோ நகர வால்மார்ட்டில் நடந்த படுகொலைக்கு ஒரு மாதம் கழித்து, ஓப்பன் கேரி அனுமதி உள்ள மாநிலங்களிலும் எங்கள் கடைக்கு அப்படி வராதீர்கள் என்று வால்மார்ட் கேட்டுக்கொண்டது. இத்தகைய பத்திரிகை அறிக்கை மட்டும் உங்களைக் குற்றவாளி ஆக்கிவிடாது. அதனால் அதற்கு மதிப்பே இல்லை என்று நினைப்பதும் தவறு. அந்தக் கிளையின் மேனேஜர் வந்து சொன்ன நொடியில் வேண்டுகோள் கட்டளையாகிவிடும்.

மதுக்கடைப் பக்கம் கணக்கே வேறு. டெக்சஸில் சிவப்பில் ‘51%’ என்று பெரிதாக எழுதிய பலகை இருந்தால், அந்த இடத்தின் வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வருகிறது என்று பொருள். அங்கே துப்பாக்கியோடு நுழைவது 200 டாலர் விஷயம் அல்ல, ஃபெலனி. பீர் விற்கும் மளிகைக் கடைக்கு இந்தப் பலகை பொருந்தாது.

சோதித்துப் பார்க்கப் போவது

எல் பாசோ கொலைகள் நடந்து ஐந்தே நாளில், மிசூரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகர வால்மார்ட்டுக்குள் 20 வயது இளைஞர் ஒருவர் குண்டு துளைக்காத உடுப்பும் ரைஃபிளுமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். தன் உரிமையைக் கடை மதிக்கிறதா என்று சோதித்தாராம். மேனேஜர் தீ எச்சரிக்கை மணியை இழுத்தார், கூட்டம் சிதறி ஓடியது, அங்கிருந்த தீயணைப்பு வீரர் ஒருவர் தன் துப்பாக்கியை நீட்டி அவரைப் போலீஸ் வரும்வரை நிறுத்திவைத்தார். மிசூரியில் ஓப்பன் கேரி சட்டப்படி சரிதான். ஆனாலும் அவர் மேல் பயங்கரவாத மிரட்டல் வழக்குப் பதிவானது. ஒருவர் விரல் அசைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

டெக்சஸிலும் இதற்குத் தனிப் பிரிவு உண்டு: பிறர் மிரளும்படி பொது இடத்தில் துப்பாக்கியைக் காட்டுவது குற்றம். 2014இல் டாலஸ் பக்கத்து உணவகங்களில் ரைஃபிளோடு கூட்டமாகப் போய் நின்றவர்களைப் பார்த்து, துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைஃபிள் சங்கமே இது விசித்திரமாக இருக்கிறது என்று எழுதியது. சொந்த ஆதரவாளர்கள் கோபித்துக்கொண்டதும் அதைத் திரும்பப் பெற்றது. என் கணிப்பில் முதலில் எழுதியதுதான் சரி.

போலீஸாரின் பார்வையில் யோசிக்கத் தவறுவது

கடையிலிருந்து அவசர உதவி எண்ணான 911க்குப் போகும் அழைப்பில் ‘துப்பாக்கியோடு ஒரு ஆள்’ என்பது மட்டும்தான் இருக்கும். உங்கள் லைசென்ஸும் நல்லெண்ணமும் இருக்காது. 2014 ஆகஸ்டில் ஒஹையோ மாநிலத்தின் பீவர்கிரீக் வால்மார்ட்டில், கடை அலமாரியில் இருந்த காற்றுத் துப்பாக்கியை எடுத்துக் கையில் வைத்தபடி செல்பேசியில் பேசிக்கொண்டிருந்த 22 வயதுக் கறுப்பின இளைஞரை, அப்படி ஓர் அழைப்பைக் கேட்டு வந்த போலீஸ் சுட்டுக் கொன்றது. ஒஹையோவும் ஓப்பன் கேரி மாநிலம்தான். யாருடைய இடுப்பில் இருந்தால் ‘உரிமை’, யார் கையில் இருந்தால் ‘ஆபத்து’ என்ற கேள்வியை அமெரிக்கக் கறுப்பினத்தவர் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். பழுப்புத் தோல் உள்ள நாமும் அதைக் கவனத்தில் வைப்பது நல்லது.

ஆகவே கடைக்காரர் போகச் சொன்னால், “இதோ கழற்றிக் காரில் வைக்கிறேன்” என்று அங்கேயே துப்பாக்கியைத் தொடக்கூடாது. கை தெரியும்படி வெளியே நடந்து, காரில் ஏறிய பிறகு, உறையோடு கழற்றிப் பூட்டுள்ள பெட்டியில் வைக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் செருகிவிட்டுப் போனால், கார்க் கண்ணாடியை உடைக்கும் திருடனுக்குப் பரிசு கொடுத்த மாதிரி.

கடை நடத்துகிறவர்களுக்கும் சில

டாலஸ், ஹூஸ்டன் பக்கம் உணவகமும் பெட்ரோல் பங்க்கும் நடத்தும் நம்மவர்கள் இணையத்தில் கிடைத்த சிவப்புக்கோட்டுப் படத்தை ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று இருக்கிறார்கள். முழு வாசகத்தோடு, பின்வாசல் உட்பட எல்லா வாசலிலும் வையுங்கள். யார் போய்ச் சொல்வது என்று ஊழியர்களிடம் முன்பே பேசிவையுங்கள். சொல்கிறவர் தள்ளி நின்று, குரல் உயர்த்தாமல், ஒரு முறை சொன்னால் போதும். துப்பாக்கியை வாங்கி வைக்க முயலவே கூடாது. போகாவிட்டால் 911. அழைக்கும்போது உறையில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா என்று கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள்; பீவர்கிரீக்கில் அழைத்தவர் சொன்னதும் கேமராவில் பதிவானதும் ஒத்துப்போகவில்லை.

எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி தேவையே இல்லை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. கிரீன் கார்டு உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. நண்பருடையதை “சும்மா கொஞ்சம் வைத்திரு” என்று வாங்கி இடுப்பில் செருகிக்கொள்ளும் விசாக்காரர் எந்தக் கடைப் பலகையையும் பார்க்கும் முன்பே குற்றத்தைச் செய்து முடித்திருப்பார்.