கம்பெனிக் காலத்துக் கடிதங்களைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 1790-களின் கிழக்கிந்தியக் கம்பெனி ஆங்கிலக் கடிதம் ஒன்றைத் தேடப் போகிறீர்களா? முதலில் ஊர்ப்பெயரில்தான் மாட்டிக்கொள்வீர்கள். திருநெல்வேலி அங்கே டின்னவெல்லி, பாளையங்கோட்டை பாலம்கோட்டா, கட்டபொம்மன் 'கட்டபோமா நாயக்'. கண்ணால் பார்த்துப் புரியாத பெயரை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், பாதி அங்கேயே பிடிபடும்.

இதைவிடப் பெரிய தவறு 'மலபார்'. அந்தச் சொல்லைப் பார்த்ததும் கேரளம் என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் அன்றைய சென்னை வெள்ளைக்காரர்கள் தமிழைத்தான் பெரும்பாலும் அப்படிச் சொன்னார்கள். 1779-இல் வேப்பேரியில் ஃபப்ரீசியஸ் பாதிரியார் அச்சிட்ட அகராதிக்குப் பெயரே மலபார்–ஆங்கில அகராதி, திறந்தால் உள்ளே இருப்பது தமிழ். 'ஜென்டூ' என்று வந்தால் தெலுங்கு. இது தெரியாமல் ஒரு தமிழ் எழுத்தரை மலையாளி என்று ஒருவர் எழுதிவிட்டால், அப்புறம் அப்படி எழுதியவரைப் பார்த்து எழுதுகிற அத்தனை பேரும் அதையே எழுதுவார்கள், திருத்தவே முடியாது.

அச்சுத் தாள்களில் ஆங்கில எஸ் பல இடங்களில் எஃப் போலத்தான் இருக்கும். நீண்ட எஸ் என்பார்கள், 1800 வாக்கில்தான் அச்சிலிருந்து மறைந்தது. கணினியில் தேடும்போது எஸ் வரும் இடத்தில் எஃப் போட்டும் ஒருமுறை தேடுங்கள்.

தமிழ்க் கையெழுத்து என்றால் இன்னும் நிதானம் வேண்டும். பழைய வழக்கப்படி எழுதியவர்கள் புள்ளி வைக்க மாட்டார்கள், துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம், 'பெறு', 'பேறு' இரண்டுக்கும் ஒரே கொம்பு. மரம் என்று எழுதியது 'மாம' என்று தெரியும். முழு வரியையும் படித்துவிட்டுத்தான் சொல்லைப் பிரிக்க வேண்டும்.

தேதியும் அப்படித்தான். தமிழ் வருஷப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். 'சித்தார்த்தி வருஷம் ஐப்பசி' என்று மட்டும் இருந்தால் அது கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட 1799 ஆகவும் இருக்கலாம், 1739 ஆகவும், 1859 ஆகவும் இருக்கலாம். கடிதத்தில் வரும் ஆட்களை வைத்துத்தான் உறுதிசெய்ய முடியும்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலேயே அப்படி ஒரு தாள் இருந்தால், சரி, கழுவித் துடைத்த வெறும் கையால் தொடுங்கள், அருகில் பேனா வேண்டாம், பென்சில் போதும். கிழிந்த இடத்தில் தயவுசெய்து செலோடேப் ஒட்டாதீர்கள். அந்தக் காலத்து ஐரோப்பியத் தாள் கந்தல் துணியை அரைத்துச் செய்தது, இருநூறு வருஷம் தாங்கியிருக்கிறது. டேப்பின் பசையோ சில வருஷத்திலேயே மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கிவிடும்.