நன்கொடை ரசீது இருக்கிறது, ரீஃபண்டு ஏன் வரவில்லை?

தை பிறந்துவிட்டால் கொங்கு நாட்டில் கும்பாபிஷேக அழைப்பிதழ்களுக்குக் குறைவிருக்காது. குலதெய்வக் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி, திருப்பணிக்கு நன்கொடை, அன்னதானத்துக்கு அரிசி மூட்டை, பிள்ளையின் பிறந்தநாளுக்கு முதியோர் இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாடு என்று கை தாராளமாகவே நீளும். ஜூலை வந்ததும் அந்த ரசீதுகளெல்லாம் மஞ்சள் பையில் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போகும். அங்கே அவற்றில் பல தள்ளுபடியாகின்றன. ஆடிட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. ரசீது செல்லுமா செல்லாதா என்பது பணம் கைமாறிய அன்றே முடிவாகிவிட்ட விஷயம்.

அடிக்கடி பார்க்கக் கிடைக்கும் ரசீது ஒன்று இப்படி இருக்கும். மேலே சாமி படம். ‘பெயர்’ என்ற இடத்தில் தாத்தாவின் பெயரும் ‘குடும்பத்தார், காங்கேயம்’ என்ற சேர்க்கையும். தொகை ரூ.10,000. ‘ரொக்கம்’ என்பதற்கு நேராக ஒரு டிக். பான் எண்ணுக்கு இடமே இல்லை. கோயில் கணக்குக்கு இது அருமையான ரசீது; வருமான வரிக்கு எந்த வகையிலும் உதவாது.

முதலில் ரொக்கம். நன்கொடைக்கு வருமானத்தில் கழிவு தரும் வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவுப்படி 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்குக் கழிவு கிடையாது. 10,000 கொடுத்தால் 2,000 வரை கிடைக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை, முழுத் தொகையும் போய்விடும். காசோலை, வங்கிப் பரிமாற்றம், யுபிஐ ஆகிய வழிகளில் கொடுத்திருக்க வேண்டும். அரிசி, வேட்டி சேலை, மின்விசிறி என்று பொருளாகக் கொடுத்ததற்கும் கழிவு இல்லை. கடை பில்லை எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும் சரி.

அடுத்தது பெற்றுக்கொண்டவர் யார் என்பது. கோயில் திருப்பணி நன்கொடைக்கு 80ஜி கழிவு உண்டுதான். ஆனால் கலை, வரலாற்றுச் சிறப்புள்ளது அல்லது புகழ்பெற்ற வழிபாட்டுத் தலம் என்று மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்ட கோயிலாக இருக்க வேண்டும். தோட்டத்து மூலையில் இருக்கும் நம் கூட்டத்துக் குலதெய்வக் கோயில் அந்தப் பட்டியலில் இருக்க வாய்ப்பு குறைவு. ஒரு குறிப்பிட்ட சாதிக்கோ சமயத்துக்கோ மட்டும் பயன்படும் அறக்கட்டளைகளுக்கும் பொதுவாக 80ஜி அங்கீகாரம் கிடையாது. அதனால் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சாமிக்குக் கொடுத்ததைச் சாமிக் கணக்கிலேயே விட்டுவிடுங்கள் என்கிறேன்.

அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளையிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘80ஜி நிரந்தர அங்கீகாரம்’ என்ற பழைய முத்திரை இப்போது போதாது. 2021 முதல் பழைய நிறுவனங்களும் புதிதாகப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பதிவுக்கும் கால வரம்பு உண்டு. நன்கொடை விவரத்தை நிறுவனம் படிவம் 10பிடி மூலம் மே 31-க்குள் வருமான வரித்துறைக்குத் தெரிவித்து, உங்களுக்குப் படிவம் 10பிஇ சான்றிதழைத் தர வேண்டும். அச்சடித்த ரசீதைவிட இந்தச் சான்றிதழ்தான் முக்கியம். கொடுக்கும்போதே பான் எண்ணைச் சொல்லாவிட்டால் அந்தச் சான்றிதழ் உங்கள் பான் எண்ணில் வராது.

திருப்பூர், கரூர்ப் பக்கம் இன்னொரு குழப்பம் உண்டு. கூட்டு நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலிருந்து நன்கொடை போகிறது. பங்குதாரர் அதைத் தன் சொந்த ரிட்டர்னில் காட்டுகிறார். பணம் நிறுவனத்தினுடையது, பான் எண்ணும் நிறுவனத்தினுடையது, ஆகவே கழிவும் நிறுவனத்துக்கே. ஒரே உரிமையாளர் நடத்தும் தொழில் என்றால் இந்தச் சிக்கல் இல்லை, பான் எண் ஒன்றுதான். பள்ளிச் சேர்க்கைக்காகக் கட்டிய ‘டொனேஷன்’? பெயர் எதுவானாலும் அது இடத்துக்குக் கொடுத்த விலை. 80ஜி பக்கமே வராது.

இனி எல்லாரும் இடறி விழும் இடம். நன்கொடை உங்கள் வருமானத்திலிருந்து கழிகிறது, வரியிலிருந்து அல்ல. பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுத்ததில் 50 சதவீதம்தான் கழியும். அதற்கும் உச்சவரம்பு இருக்கிறது. பிரதமரின் தேசிய நிவாரண நிதி, முதலமைச்சரின் பொது நிவாரண நிதி போன்றவற்றுக்கு உச்சவரம்பில்லாமல் 100 சதவீதம் கழிவு. உதாரணமாக, 20 சதவீத வரி அடுக்கில் இருப்பவர் ஓர் அறக்கட்டளைக்கு 10,000 ரூபாய் கொடுத்தால் வருமானத்தில் 5,000 குறையும்; வரியின் மேல் போடும் செஸ் சேர்த்து மிச்சமாகும் வரி 1,040 ரூபாய். ‘கொடுத்ததெல்லாம் திரும்ப வந்துவிடுமாம்’ என்று டீக்கடையில் பேசிக்கொள்வதை நம்பிவிட வேண்டாம்.

இந்தக் கழிவும் பழைய வரி முறையில் மட்டும்தான். 2023-24 நிதியாண்டு முதல் நாம் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய வரி முறைதான் பொருந்தும். அதில் 80ஜி இல்லை. அப்படியானால் பழைய முறைக்கு மாறிவிடலாமே என்று அவசரப்படுவதுதான் இருப்பதிலேயே விலை கூடிய தவறு.

கோவையில் ஆண்டுச் சம்பளம் எட்டரை லட்சம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2025-26 நிதியாண்டு. 80சி பிரிவில் கழிவு கிடைக்கும் சேமிப்பு ஒன்றரை லட்சம், அறக்கட்டளைக்கு வங்கி வழியாக ஒரு லட்சம். பழைய முறையில் சம்பளக்காரர்களுக்குத் தானாகவே கிடைக்கும் நிலைக்கழிவு 50,000 போக எட்டு லட்சம். 80சி போக ஆறரை லட்சம். நன்கொடைக்கான உச்சவரம்பு இதில் 10 சதவீதம், அதாவது 65,000. அதில் பாதி, 32,500 ரூபாய் கழியும். இதனால் மிச்சம் 6,760 ரூபாய். ஆனால் மொத்தமாக அவர் கட்ட வேண்டிய வரி இன்னும் 37,440 ரூபாய் நிற்கிறது. அதே மனிதர் புதிய முறையில் இருந்தால் நிலைக்கழிவு 75,000 போக ஏழே முக்கால் லட்சம். 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி இருப்பதால் வரியே இல்லை. சம்பளத்தில் பிடித்த வரி ஏதாவது இருந்தால் அது முழுவதும் திரும்பும். நன்கொடையைக் காட்டாமலே!

பழைய முறை உண்மையிலேயே லாபம் என்றால் சம்பளக்காரர்கள் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தாமத ரிட்டர்னில் அந்த வாய்ப்பு இல்லை. தொழில் வருமானம் உள்ளவர்கள் பழைய முறையைத் தேர்ந்தெடுப்பதற்கான படிவம் 10ஐஇஏ-வையும் கெடுவுக்குள் கொடுக்க வேண்டும். சம்பளத்தில் பிடித்த வரிக்குச் சான்றாக அலுவலகத்தில் தரும் படிவம் 16-இல் அறக்கட்டளை நன்கொடை பெரும்பாலும் இருக்காது. நிறுவனம் அதைக் கணக்கில் எடுக்காமலே வரி பிடித்திருக்கும். ரிட்டர்னில் 80ஜி அட்டவணையை நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.

கடைசியாக, ரீஃபண்டில் பங்கு கேட்டுக்கொண்டு ‘ரசீது நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லும் இடைத்தரகர்கள். அறக்கட்டளை ரசீது மட்டுமல்ல, அரசியல் கட்சி நன்கொடை ரசீதும் இவர்களிடம் கிடைக்கும். 2025 ஜூலை 14 அன்று இத்தகைய பொய்க் கழிவுகள் தொடர்பாக வருமான வரித்துறை நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கோரிக்கைகளைத் தாங்களே திரும்பப் பெற்றதாகவும் துறை அறிவித்தது. தவறான தகவல் தந்ததாக முடிவானால் அபராதம் அந்த வரியைப் போல் இருமடங்கு வரை போகும். நோட்டீஸ் தரகருக்கு வராது, பான் எண்ணுக்கு உரியவருக்குத்தான் வரும்.

அப்படி ஏதாவது காட்டிவிட்டவர்கள், திருத்திய ரிட்டர்னுக்கான காலம் கடந்திருந்தால், புதுப்பித்த ரிட்டர்ன் என்ற வழியில் கூடுதல் வரி கட்டிச் சரிசெய்துகொள்ளலாம். உண்மையான நன்கொடையைக் காட்ட மறந்தவர்களுக்கு அந்த வழி உதவாது. புதுப்பித்த ரிட்டர்னில் வரி கட்டத்தான் முடியும். ரீஃபண்டு கேட்க முடியாது.