பக்கத்து வீட்டின் மேல் உங்கள் அறை: இங்கிலாந்தில் வாங்குமுன் பார்க்கவேண்டியவை

இங்கிலாந்து, வேல்ஸில் பழைய வரிசை வீடுகள் சிலவற்றில் ஒருவரின் படுக்கையறை பக்கத்து வீட்டு நடைவழிக்கு மேலே இருக்கும். இதை ‘ஃப்ளையிங் ஃப்ரீஹோல்ட்’ என்பார்கள். நிலப்பதிவேட்டு வரைபடத்தில் பெரும்பாலும் தெரியாது. மாடிக்கு மாடி அளந்து, சுவர்கள் கீழும் மேலும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால், அப்படி மேலே நீளும் பகுதி எவ்வளவு தளப்பரப்பு என்பதைக் கடன் தரும் வங்கிக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பத்திரத்தில் தாங்குதல் (கீழ்ப்பகுதி மேற்பகுதியைத் தாங்குவது), மழைமறைப்பு (மேற்பகுதி கீழ்ப்பகுதியை மழையிலிருந்து காப்பது), பழுதுபார்க்க நுழைதல் ஆகிய உரிமைகள் உண்டா? இருந்தாலும் போதாது. கூரையைச் செப்பனிடுவேன் என்று முந்தைய உரிமையாளர் கொடுத்த வாக்கு அடுத்து வாங்குபவரைப் பொதுவாகக் கட்டாது. 1994இல் ரோன் எதிர் ஸ்டீவன்ஸ் வழக்கில், அப்போது உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை இதை உறுதிசெய்தது. சண்டையே பக்கத்து வீட்டின் மேலிருந்த ஒழுகும் கூரைக்காகத்தான்!

சரியான மருந்து, இரு வீட்டாரும் எழுதும் பரஸ்பர ஒப்பந்தப் பத்திரம். புதிதாக வாங்குபவரும் அதை ஏற்றால்தான் பெயர் மாறும் என்று நிலப்பதிவேட்டில் கட்டுப்பாடு போடச் சொல்லுங்கள். இந்த உரிமைக் குறைபாட்டுக்கான காப்பீடு இரண்டாம்பட்சம், பாலிசி கூரையை வேயாது. அதை எடுப்பதானால் அண்டைவீட்டாரிடம் பேசுமுன் வக்கீலைக் கேளுங்கள், பேசிவிட்டால் பாலிசி கிடைக்காமல் போகலாம்.

1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அண்டை நிலத்தில் நுழைய நீதிமன்ற உத்தரவு வாங்கலாம். அது உங்கள் பகுதியைப் பராமரிக்க மட்டுமே. அண்டைவீட்டாரைச் செப்பனிட வைக்காது.