ரேஸ் காரை டிரெய்லரில் ஏற்றிக் கடலோரத்தில் இரவு நிறுத்துகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து கோவை கரி ஸ்பீட்வேக்கோ, சென்னையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்கோ ரேஸ் காரைக் கொண்டுபோகிறவர்கள் வழக்கமாகச் சாயங்காலமே ஏற்றி வைத்துவிட்டு, விடியற்காலையில் கிளம்புவார்கள். கவலையெல்லாம் சாலையைப் பற்றியே இருக்கும். ஆனால் ஏற்றும் அரை மணி நேரத்திலும் உப்புக் காற்றில் நிற்கும் அந்த ஓர் இரவிலும்தான் கவனம் அதிகம் தேவை.

மணல் தரையில் ஏற்றும்போது நடப்பதைப் பாருங்கள். காரின் முன்சக்கரம் சாய்பலகையில் ஏறியதும் டிரெய்லரின் பின்பக்கம் அமுங்கும், மூக்கு எழும்பும். எழும்புகிற மூக்கு இழுவை வண்டியின் பின்பக்கத்தையும் தூக்கும். ஹேண்ட் பிரேக் பிடித்திருப்பதோ அந்தப் பின்சக்கரங்களில். பிடி விட்டுப்போய் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்தே நகரும். ஆகவே டிரெய்லரின் பின்மூலை இரண்டுக்கும் ஜாக் கொடுங்கள். ஜாக்குக்கு அடியில் ஒரு அடிச் சதுரத்தில் கனத்த பலகை வேண்டும், இல்லாவிட்டால் மணல் அதை விழுங்கிவிடும். இழுவை வண்டியின் முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகே காரை ஏற்றலாம்.

அடுத்து எடை. டிரெய்லரும் காரும் சேர்ந்து 1,500 கிலோ என்றால், இழுவை வண்டியோடு மாட்டும் கொக்கியில் 150 முதல் 225 கிலோ, அதாவது 10 முதல் 15 சதவீதம் இறங்க வேண்டும். காரைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்தினால் வேகம் கூடும்போது டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. லாரி எடைமேடையில் டிரெய்லரை மாட்டியபடி இழுவை வண்டியை மட்டும் ஏற்றி ஒரு முறை, கழற்றிவிட்டு ஒரு முறை எடை போடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கொக்கியில் இறங்கும் எடை. உங்கள் வண்டி அவ்வளவு தாங்காது என்றால் வேறு வண்டி பாருங்கள். கொக்கி எடையைக் குறைக்கக் காரைப் பின்னுக்குத் தள்ளவே கூடாது.

காரைக் கட்டும் பெல்ட்டைச் சேசிஸில் (காரின் அடிச்சட்டத்தில்) மாட்டுவதும் தவறு. பள்ளத்தில் கார் அமுங்கும்போது பெல்ட் தொய்ந்து அதன் கொக்கி கழன்றுவிடும். நாலு சக்கரத்துக்கும் தனித்தனியாக, டயரைச் சுற்றிப் பிடிக்கும் 50 மில்லிமீட்டர் ராட்செட் பெல்ட் (பல்சக்கரப் பிடியால் இறுக்கும் பட்டை) போடுங்கள். அப்போது ஸ்பிரிங் ஆடினாலும் பிடி தளராது. மிஞ்சிய நுனியைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள்.

இனி இரவு. ஆனி, ஆடியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக்குத் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை பிறந்தால் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்). மண்டபத்து மீனவர்கள் அதற்கேற்பப் படகையே கரை மாற்றிக் கட்டுகிறார்கள். டிரெய்லருக்கும் அதே கணக்குதான்: அந்தப் பருவத்தில் அலையடிக்கும் கரையை விட்டு விலகி, காற்றுக்கு மறைவான சுவரின் பின்னால் நிறுத்துங்கள். நிழலுக்காகச் சீமைக்கருவேலத்தின் அடியில் ஒதுங்க வேண்டாம். காய்ந்த முள் டயருக்குள் இறங்கி மெதுவாகக் காற்றை விடும்; காலையில்தான் தெரியும். தென்னை, பனைக்கு அடியிலும் வேண்டாம், மட்டை ஒன்று விழுந்தால் கண்ணாடி போச்சு.

காரின் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத் தூங்கப் போவது ரொம்பப் பேர் செய்வது. உப்பு ஈரம் பட்ட பிரேக் டிஸ்க்கில் விடிவதற்குள் செங்காவித் துரு படரும், அழுந்திய பேடு அதோடு ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். டிரெய்லரைக் கழற்றி நிறுத்தினால் விளக்கு பிளக்கைத் தரையில் போடாமல், வாய் கீழ்நோக்க பாலிதீன் பை சுற்றிக் கட்டுங்கள். உள்ளே பச்சைக் களிம்பு பிடித்தால் இண்டிகேட்டர் எரியாது. கொக்கிக்கும் சக்கரத்துக்கும் பூட்டுப் போடுங்கள்.

தார்ப்பாய் போர்த்தினால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். இடையில் சிக்கிய மணலோடு காற்றில் படபடக்கும் தார்ப்பாய் உப்புத்தாள் மாதிரி பெயின்ட்டைத் தேய்த்துவிடும். கழுவுவதற்கும் போர் தண்ணீர் ஆகாது. இந்தக் கரையில் பல இடங்களில் அதுவே உப்பு. ஒரு குடம் நல்ல தண்ணீர் விலைக்கு வாங்கியாவது பிரேக், அடிப்பாகம், ராட்செட் பற்களை அலசுங்கள்.

காலையில் டிரெய்லர் டயரின் காற்றையும் வீல் நட்டையும் பார்த்து, நாலு ராட்செட்டையும் மறுபடி இறுக்குங்கள். ராமேஸ்வரத்திலிருந்து வருபவர்கள் இந்த வேலையைப் பாம்பன் பாலம் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். பக்கக்காற்று வீசும் அந்த இரண்டு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாலத்தில் நின்று பெல்ட்டைச் சரிசெய்யக் கூடாது. முதல் 20 கிலோமீட்டரில் ஓரங்கட்டி, பெல்ட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, டிரெய்லரின் ஒவ்வொரு ஹப்பிலும் (சக்கரத்தின் நடுக்குடத்தில்) புறங்கையை வையுங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கில் கிரீஸ் வற்றியிருக்கும் அல்லது பிரேக் உரசிக்கொண்டிருக்கும். சக்கரத்தைக் கழற்றிப் பார்க்காமல் அங்கிருந்து நகரக் கூடாது.