முட்டிவலிக்குக் ‘கரண்ட்’ வைப்பது எப்படி? டென்ஸ் கருவியை வீட்டில் பயன்படுத்தும் முறை

கோத்தகிரி, குன்னூர் பக்கம் முட்டி வலிக்கிறது என்று யார் வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, “ஏறும்போதா, இறங்கும்போதா?” பெரும்பாலும் இறங்கும்போதுதான். சரிவில் கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த இழுப்பில் முட்டிச்சில்லு தொடை எலும்போடு அழுந்துகிறது. வலிக்குப் பயந்து நடையைக் குறைத்தால் தசை மெலியும். தசை மெலிந்தால் மூட்டுக்குப் பிடிமானம் குறைந்து வலி இன்னும் கூடும்.

இந்தச் சுற்றை நிறுத்தத்தான் டென்ஸ். தோலின் மேல் ஒட்டிய பேட் வழியாக நரம்பைத் தூண்டும் கையடக்கக் கருவி அது. 1965-ல் வலி ஆய்வாளர்கள் மெல்சாக், வால் இருவரும் முன்வைத்த ‘கதவு’க் கோட்பாடுதான் இதற்கு அடிப்படை: தொடு உணர்வைக் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகள் சுறுசுறுப்பாக இருந்தால், தண்டுவடத்தில் வலிச் செய்தி நுழையும் கதவு பாதி சாத்திக்கொள்ளும். முட்டியை இடித்துக்கொண்டதும் கை தானாகப் போய்த் தேய்க்கிறதே, அதே வேலை.

தேய்ந்த மூட்டை டென்ஸ் சரிசெய்யாது. ஓடிக்கொண்டிருக்கும்போதும் நிறுத்தியபின் கொஞ்ச நேரமும் வலியை அடக்கிவைக்கும், அவ்வளவே. அந்த இடைவெளியில் பயிற்சி செய்யாவிட்டால், அடுப்பைப் பற்றவைத்துவிட்டு உலை வைக்காமல் உட்கார்ந்திருப்பது போலத்தான்.

யார் தொடக்கூடாது

பேஸ்மேக்கர் அல்லது நெஞ்சுக்குள் வேறு மின்கருவி பொருத்தியவர்கள் வீட்டில் இதைப் பயன்படுத்தவே கூடாது. கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். கழுத்தின் முன்பக்கம், தலை, நெஞ்சின் குறுக்கே யாருக்கும் பேட் ஒட்டக்கூடாது. கெண்டைக்கால் ஒருபக்கம் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம். கருவியை ஓரமாக வைத்துவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முட்டி சிவந்து வீங்கிக் காய்ச்சலும் இருந்தாலும் அப்படியே. மழைக்காலத்தில் அட்டை கடித்த இடம், கொசுக்கடியைச் சொறிந்த புண், பனிக்கு வெடித்த தோல் ஆகியவற்றின் மேல் பேட் வேண்டாம்.

படி 1: உணர்வுச் சோதனை

இதைப் பலர் தாண்டிப்போய்விடுகிறார்கள். நீண்டநாள் சர்க்கரை நோயாளிகளுக்குக் காலில் உணர்வு மங்கியிருக்கும். தோல் புண்ணாகும் அளவுக்குக் கரண்ட் வைத்தாலும் தெரியாது. கண்ணை மூடச் சொல்லி, பேட் ஒட்டப்போகும் இடத்தில் பல்குச்சியின் கூர்முனையாலும் பஞ்சாலும் மாற்றி மாற்றித் தொடுங்கள். எது எது என்று பத்துக்கு எட்டு முறையாவது சரியாகச் சொல்லவில்லை என்றால் அந்த இடத்தில் டென்ஸ் வேண்டாம்.

படி 2: தோலைத் தயார் செய்தல்

மலையில் டென்ஸ் சொதப்புவதற்கு முதல் காரணம் கருவி இல்லை, தைலம். வலி என்றதும் நீலகிரித் தைலத்தையோ விண்டர்கிரீன் எண்ணெயையோ தேய்ப்பது வீட்டுக்கு வீடு பழக்கம். எண்ணெய்ப் பசையில் பேட் முழுதாக ஒட்டாது. ஒட்டிய சிறு பகுதி வழியாகவே மொத்தக் கரண்டும் புகும்போது ஊசி குத்துவதுபோல் சுரீரென்று இருக்கும். தைலத்தால் வந்த சிவப்பா, கரண்டால் வந்ததா என்றும் பிரித்துப் பார்க்க முடியாது. சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடையுங்கள். தைலம் தேய்த்தே ஆகவேண்டும் என்றால் பேட்டைக் கழற்றிய பிறகு தேய்த்துக்கொள்ளலாம்.

டிசம்பர், ஜனவரி உறைபனியில் தோல் காய்ந்து செதிலாக இருக்கும். காய்ந்த தோலில் மின்தடை அதிகம். ஒட்டுவதற்கு முன் ஈரத்துணியால் ஒருமுறை ஒற்றி எடுத்தால் போதும். முடி அதிகமாக இருந்தால் கத்தரிக்கோலால் குட்டையாக வெட்டுங்கள்; சவரம் செய்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து எரியும்.

பேட்டின் ஜெல்லும் குளிரில் விறைத்துவிடும். உறையோடு சட்டைப்பையில் பத்து நிமிடம் வைத்திருந்தால் இளகிவிடும். கணப்பின் மேல் காட்டாதீர்கள்.

படி 3: பேட் ஒட்டுதல்

5 செ.மீ.க்கு 5 செ.மீ. சதுர பேட் 4 தேவை. காலை லேசாக மடக்கி, கீழே சுருட்டிய துண்டு வைத்துக்கொள்ளுங்கள். முட்டிச்சில்லுக்கு மேலே உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. கீழேயும் அதேபோல் இரண்டு. சில்லின் மேல் ஒட்டக்கூடாது. கருவியிலிருந்து வரும் ஒரு ஜோடி ஒயர்தான் ஒரு சேனல். முதல் சேனலின் இரண்டு ஒயரை மேல்-வெளி, கீழ்-உள் பேட்களில் மாட்டுங்கள். இரண்டாம் சேனலை மற்ற இரண்டில். மேலிருந்து பார்த்தால் பெருக்கல் குறி போல் இருக்கும். பேட்டுக்கும் பேட்டுக்கும் நடுவே குறைந்தது 3 செ.மீ. இடைவெளி விடுங்கள். நெருங்கிவிட்டால் கரண்ட் உள்ளே இறங்காமல் மேல்தோலிலேயே ஓடிவிடும்.

படி 4: கருவியை அமைத்தல்

9 வோல்ட் பேட்டரி போடும் சாதாரணக் கருவியில் மேலே இரண்டு குமிழ் இருக்கும், சேனலுக்கு ஒன்று. அவைதான் கரண்டின் அளவு. மூடியைத் திறந்தால் உள்ளே வேகம் (விநாடிக்கு எத்தனை துடிப்பு), அகலம் (ஒரு துடிப்பு நீடிக்கும் நேரம்) என்று இரண்டு சின்னத் திருகுகள். பக்கத்தில் பி (விட்டுவிட்டுக் கொத்தாக வரும் துடிப்பு), என் (சீரான துடிப்பு), எம் (மாறிக்கொண்டே இருக்கும் துடிப்பு) என்று மூன்று நிலை உள்ள சுவிட்ச்.

சுவிட்சை என்-னில் வையுங்கள். வேகம் 80 முதல் 100 ஹெர்ட்ஸ், அகலம் 100 மைக்ரோவிநாடி அளவு. நேரம் 30 நிமிடம். குமிழில் உள்ள எண்கள் மில்லியாம்பியர் அல்ல. பக்கத்து வீட்டுக்காரர் 5-ல் வைக்கிறார் என்று நீங்களும் 5-ல் வைப்பதில் அர்த்தமில்லை.

குமிழ் பூச்சியத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஒயரைக் கருவியில் மாட்டுங்கள். குமிழே ஆன்-ஆஃப் சுவிட்சும் ஆகையால், யாராவது 4-ல் விட்டுவைத்திருந்தால் மாட்டியதும் கால் துள்ளும்.

படி 5: கரண்டை ஏற்றுதல்

முதல் சேனலை மெதுவாகத் திருப்புங்கள். முதலில் ஒன்றுமிருக்காது. பிறகு எறும்பு ஊர்வதுபோல் ஒரு சுருசுருப்பு, அதற்கு மேல் நன்றாகத் தெரிகிற, ஆனால் பொறுத்துக்கொள்ள வேண்டியிராத துடிப்பு. அங்கே நிறுத்துங்கள். தசை இழுத்தாலோ எரிந்தாலோ கொஞ்சம் இறக்குங்கள். பிறகு இரண்டாம் சேனல்.

பத்து நிமிடத்தில் உடம்பு பழகி உணர்வு மங்கும், அரைப்புள்ளி ஏற்றலாம். “நன்றாக வலித்தால்தான் நன்றாகக் கேட்கும்” என்று ஏற்றுபவர்கள் உண்டு. வலிக்கும் அளவு போனால் வலி நரம்பையே தூண்டுகிறீர்கள். சாத்த வேண்டிய கதவைத் திறந்துவிடுகிறீர்கள். அதே நேரம், ஒன்றும் உணராத அளவில் அரைமணி வைத்திருப்பதும் வீண்.

ஓடும்போது கணப்புப் பக்கம் காலை நீட்டாதீர்கள், சுடுதண்ணீர்ப் பையும் வைக்காதீர்கள். உணர்வு மாறியிருக்கும், சுட்டால் தாமதமாகத்தான் தெரியும். ஒத்தடம் வேண்டுமானால் முன்னதாகக் கொடுத்து எடுத்துவிடுங்கள். தூங்கும்போது, வண்டி ஓட்டும்போது, கவாத்துக் கத்தி கையில் இருக்கும்போது வேண்டாம்.

படி 6: பயிற்சி

கடைசிப் பத்து நிமிடத்தில் தொடங்கிவிடலாம். முட்டிக்குக் கீழே உள்ள துண்டைக் காலால் அழுத்தி, தொடையை இறுக்கி 5 விநாடி பிடித்து விடுங்கள், 10 முறை. அடுத்து முட்டியை மடக்காமல் காலை ஒரு சாண் தூக்கி, 5 விநாடி நிறுத்தி இறக்குங்கள், 10 முறை. குமிழைப் பூச்சியமாக்கி பேட்டைக் கழற்றிய கையோடு, வாசற்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு படி மெதுவாக இறங்கி ஏறுங்கள். காலுக்கு 8 முறை. சரிவில் வலிக்கிற முட்டிக்கு இந்த ஒற்றைப்படி இறக்கம்தான் நேரடி மருந்து. கழற்றாமல் இதைச் செய்தால் ஒயர் காலில் சிக்கும்.

நாளுக்கு 2 அல்லது 3 முறை, நடுவே சில மணி நேர இடைவெளி விட்டுச் செய்யலாம்.

சொதப்பினால்

துடிப்பு விட்டுவிட்டு வந்தால் ஒயரைச் சந்தேகப்படுங்கள். மாட்டும் முனையோடு சேரும் இடத்தில் மடங்கி மடங்கி உள்கம்பி அறுந்துவிடும். இரு சேனல் ஒயர்களையும் மாற்றி மாட்டிப் பாருங்கள்; கோளாறு ஒயரோடு போனால் ஒயர், சேனலிலேயே நின்றால் கருவி.

ஒரு பேட்டின் ஓரம் மட்டும் சுரீரென்றால் அது பிரிந்திருக்கிறது. குமிழைப் பூச்சியமாக்கிவிட்டுத் தொடுங்கள். ஜெல்லில் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தடவினால் ஒட்டும். அதற்கும் ஒட்டாவிட்டால் ஆயுள் முடிந்தது. 20, 30 முறைக்கு மேல் இழுக்காதீர்கள்.

கழற்றியதும் தெரியும் இளஞ்சிவப்பு அரைமணியில் மறைய வேண்டும். மறுநாளும் இருந்தால், அரித்தால், கொப்புளம் வந்தால் அந்த வகை பேட் உங்கள் தோலுக்கு ஒத்துவரவில்லை.

தசை தானாக இறுகி இறுகி விட்டால் தவறான நிலையில் வைத்திருக்கிறீர்கள். சில கருவிகளில் டென்ஸோடு தசைத் தூண்டலும் சேர்ந்தே இருக்கும். அது அறுவை சிகிச்சைக்குப் பின் மெலிந்த தொடையை வலுவாக்குவதற்கு. 10 விநாடி இறுக்கம், 30 முதல் 50 விநாடி ஓய்வு என்று வேறு கணக்கு, பேட் இடமும் வேறு. பிசியோதெரபிஸ்ட் அமைத்துக்கொடுக்காமல் அந்தப் பொத்தானை அழுத்த வேண்டாம்.

இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் படி இறங்கும் வலியில் மாற்றமே இல்லையென்றால் கரண்டை ஏற்றாதீர்கள். பேட் ஒட்டிய இடங்களைக் காலில் பேனாவால் குறித்துக்கொண்டு அப்படியே பிசியோவிடம் போங்கள். இடுப்பிலிருந்து இறங்கும் வலியை முட்டியில் தேடிக்கொண்டிருக்கிறீர்களா என்பதை அவர் முதலில் பார்ப்பார்.